கற்க ஒரு வாயில், உழைக்க ஒரு வாயில், வாழ ஒரு வாயில்

பிரிவு என்பது தமிழிலக்கணத்தில் நன்கு வரையறை செய்யப்பட்ட ஒரு பொருள். தலைவன் தலைவியைப் பிரிந்து செல்லுதற்குரிய காரணங்களைத் தொல்காப்பியர் எண்ணிக் கூறினார். ஓதலும் பகையும் தூதும் பொருளும் அவற்றுள் முதன்மையானவை. காரணங்களை எண்ணியதோடு அமையாது, காலத்துக்கும் அவர் எல்லை வகுத்தார். கல்விக்காகப் பிரிவோன் மூன்றாண்டைக் கடந்து தங்கலாகாது என்பது கற்பியலிற் காணப்படும் விதி. காரணம் இது, காலம் இது, மீளுதல் உண்டு என்னும் மூன்றும் தெளிந்த பின்னரே பழந்தமிழ்த் தலைவன் வாயிற்படியைக் கடந்தான் எனலாம்.

இன்று நம் வீடுகளிலிருந்து கடல் கடக்கும் இளைஞரின் பிரிவிலே இத் தெளிவைக் காண்டல் அரிதாயிருக்கிறது. மகன் கனடாவுக்குப் படிக்கப் போகிறான் என்று தந்தையார் சொல்லுவார். படித்துவிட்டு மீளுவானோ, உழைக்க நிற்பானோ, அங்கேயே குடியமருவானோ என்று வினவினால், எல்லாம் ஒன்றுதானே என்று விடை வரும். ஒன்றன்று என்பதே இக் கட்டுரையின் துணிபு. கனடாவின் குடிவரவுச் சட்டத்திலே கல்விக்கு ஒரு வாயிலும், தொழிலுக்கு ஒரு வாயிலும், குடியமர்வுக்கு ஒரு வாயிலும் தனித்தனியே உண்டு. ஒன்றைத் திறந்த சாவி அடுத்ததையும் திறக்கும் என அச் சட்டம் எவ்விடத்தும் வாக்களிக்கவில்லை. இதனை அறியாது முதல் வாயிலிலேயே காணியையும் நகையையும் ஈடுவைத்து முடித்துவிடும் குடும்பங்கள் பல. ஆதலின் அவ் வாயில்கள் மூன்றையும் சிறிது நின்று பார்த்தல் நமக்குக் கடனாகும்.

கதவு அடைபட்டிருந்த காலம்

கனடா, வந்து குடியேறியோரால் வளர்ந்த தேசம். ஆயினும் அதன் கதவு எல்லா இனத்தாருக்கும் ஒருபடித்தாகத் திறந்திருக்கவில்லை. சீனர் உட்புகுவதற்கு 1885ஆம் ஆண்டிலே ஆளுக்கு 50 டொலர் தலைவரி விதிக்கப்பட்டது. 1903இல் அது 500 டொலராயிற்று. 1923இல் இயற்றப்பட்ட சட்டமோ சீனரின் குடிவரவை ஏறக்குறைய முற்றாகவே தடுத்தது. அத் தடை 1947 வரை நீங்கவில்லை.

இந்தியரைத் தடுத்த முறை இன்னும் நுட்பமானது. பிறந்த தேசத்திலிருந்து இடையிலே பயணம் முறியாது நேரே வந்து சேருவோரே நாட்டுக்குள் அநுமதிக்கப்படுவர் என்று 1908இல் ஒரு விதி வந்தது. அத்தகைய நேர்ப் பயணத்துக்கு வேண்டிய கப்பல் இந்தியருக்குக் கிடைக்கவில்லை. எந்த இனத்தின் பெயரையும் சொல்லாமலே ஓர் இனத்தை விலக்கிய விதி அது. 1914 மே 23ஆம் திகதி கொமகாட்டா மாரு என்னும் கப்பல் 376 பிரயாணிகளோடு வன்கூவர் துறைமுகத்தை அடைந்தது. பெரும்பாலோர் சீக்கியர், யாவரும் அந்நாளைய பிரித்தானிய முடியின் பிரசைகள். இரண்டு மாதம் கப்பலிலே காத்திருந்தும், ஒரு சிலர் தவிர ஏனையோர் தரையில் இறங்க விடப்படவில்லை. யூலை 23இல் கப்பல் திருப்பி அனுப்பப்பட்டது. இதற்காகக் கனடாவின் பிரதமர் ஜஸ்டின் ட்ரூடோ பாராளுமன்றத்திலே மன்னிப்புக் கோரியது 2016 மே 18இல். இடையிலே நூறாண்டுக்கு மேற் கழிந்துவிட்டது.

நமது தீவின் பெயரும் இவ் வரலாற்றிலே வருகின்றது. 1951இல் செய்யப்பட்ட ஏற்பாட்டின்படி, ஆண்டொன்றுக்கு இந்தியர் 150 பேரும், பாகிஸ்தானியர் 100 பேரும், இலங்கையர் 50 பேரும் கனடாவிற் குடியேறலாம் என வரையறுக்கப்பட்டது. முழு இலங்கைக்கும் ஓராண்டுக்கு ஐம்பது பேர்! இன்று ரொறொன்ரோ நகரின் தெருக்களிலே தமிழ்ப் பெயர்ப்பலகைகளைக் கண்டு வருவோர் இவ் வெண்ணை ஒருகால் நினைத்துப் பார்த்தல் தகும்.

1962இல் வந்த புதிய ஒழுங்குவிதிகள் இனம் பற்றிய வேறுபாட்டைப் பெரும்பாலும் களைந்தன. 1967இல் புள்ளிமுறை புகுந்தது. கல்வி, வயது, தொழில், மொழி முதலியவற்றுக்குப் புள்ளி வழங்கி, நூற்றுக்கு ஐம்பது பெற்றோர் தகுதியுடையர் எனக் கொண்டனர். பிறப்பை நோக்கியிருந்த சட்டம் தராதரத்தை நோக்கத் தலைப்பட்டது அப்பொழுதுதான். இப்பொழுது நடைமுறையிலுள்ள குடிவரவு, அகதிகள் பாதுகாப்புச் சட்டம் 2001இல் நிறைவேறி, 2002 யூன் 28 முதல் வழங்கி வருகின்றது.

1983க்குப் பின்னர் நம்மவருட் பெருந்தொகையினர் கனடாவை அடைந்தது அடைக்கலம் நாடியே. அது வேறொரு வாயில். அதன் விதியும் நியாயமும் வேறு. இக் கட்டுரை அதனைப் பற்றியதன்று. ஆயினும் அதை இங்கே குறிக்க ஒரு காரணம் உண்டு. எண்பதுகளிலே சென்ற மாமனார் தாம் போன கதையைச் சொல்லுவார். அக் கதையையே வழித்துணையாகக் கொண்டு மருமகன் இன்று புறப்படுவான். அவர் புகுந்த வாயில் வேறு, இவன் நிற்கும் வாயில் வேறு என்பதை இருவரும் எண்ணுவதில்லை.

முதல் வாயில்: கல்வி

முதலிற் சொற்களைப் பிரித்தறிதல் வேண்டும். விசா என்பது வேறு, கல்வி அநுமதி என்பது வேறு. கடவுச்சீட்டில் ஒட்டப்படும் விசா, நாட்டின் எல்லைவரை சென்று உட்புகக் கேட்பதற்குரிய சீட்டு. கல்வி அநுமதிப் பத்திரமோ, உள்ளே தங்கிக் கற்பதற்குரியது; எல்லையிலே உத்தியோகத்தர் வினவித் தெளிந்த பின்னரே அது கையிற் கிடைக்கும். உள்ளே இருக்கும் ஒருவரின் விசா காலாவதியானால் அதனால் உடனே தீங்கில்லை. அநுமதிப் பத்திரம் காலாவதியானால் அவர் நிலையே போய்விடும். முடியுமுன் நீடிப்புக்கு விண்ணப்பித்தோர் முடிவு வரும்வரை பழைய நிபந்தனைகளோடு தங்கலாம். தவறவிட்டோர் இழந்த நிலையை மீட்க விண்ணப்பிப்பதற்கு 90 நாள் மாத்திரமே உண்டு. இச் சிறு வேறுபாட்டை அறியாது இடர்ப்பட்டோர் உளர்.

கல்வி அநுமதிக்கு வேண்டுவன யாவை? அந்நிய மாணவரை ஏற்பதற்கு மாகாண அரசு அங்கீகரித்த ஒரு கல்விநிலையத்தின் அநுமதிக் கடிதம் முதலாவது. 2024 ஜனவரி 22 முதல், பெரும்பாலோர்க்கு மாகாணத்தின் சான்றுக் கடிதமும் வேண்டியதாயிற்று. அன்றுதான் கனடிய அரசு மாணவர் தொகைக்கு உச்சவரம்பு விதித்தது. அவ்வாண்டுக்கு ஏறத்தாழ 360,000 அநுமதிகள் என்பது குறிக்கப்பட்ட இலக்கு. அது முன்னை ஆண்டினும் 35 வீதம் குறைவு. 2025இல் வரம்பு மேலும் 10 வீதம் தாழ்த்தப்பட்டது. முதுமாணி, கலாநிதி மாணவர்கள் தொடக்கத்தில் இவ் வரம்புக்குப் புறம்பாயிருந்தனர்; 2025இல் உள்ளே கொண்டுவரப்பட்டனர்; 2026 ஜனவரி 1 முதல் அரச பல்கலைக்கழகங்களிற் சேரும் அத்தகையோர்க்குச் சான்றுக் கடிதம் வேண்டா என மீண்டும் விலக்களிக்கப்பட்டது. இரண்டாண்டுக்குள் வெளியே, உள்ளே, மீண்டும் வெளியே! விதி எத்துணை விரைவில் மாறுகின்றது என்பதற்கு இஃதொன்றே சான்றாகும்.

அடுத்தது பணம். முதலாண்டுக் கட்டணமும் பிரயாணச் செலவும் நீங்கலாக, தனியொருவர் வாழ்க்கைச் செலவுக்குக் காட்டவேண்டிய தொகை நெடுங்காலம் 10,000 டொலராயிருந்தது. 2024 ஜனவரியில் அது 20,635 டொலராகவும், 2025 செப்டெம்பரில் 22,895 டொலராகவும் உயர்ந்தது. ஆண்டுதோறும் திருத்தப்படுவது இத் தொகை. படிக்கும் காலத்தில் உழைத்து இதனை ஈடுசெய்யலாம் என்று கருதுவோர் மற்றொரு விதியையும் நோக்குதல் வேண்டும். 2024 நவம்பர் 8 முதல், பாடம் நடைபெறும் தவணைகளிலே கல்விநிலையத்துக்கு வெளியே வாரத்துக்கு 24 மணி நேரம் மாத்திரமே ஒரு மாணவர் வேலை செய்யலாம். அவ்வளவும் உழைத்தாலும் அது உணவுக்கும் உறையுளுக்கும் துணையாகலாமேயன்றி, அந்நிய மாணவருக்கு விதிக்கப்படும் கல்விக் கட்டணத்தைச் சுமக்கமாட்டாது.

இவற்றினும் நுட்பமானது ஒன்றுண்டு. அச் சட்டத்தின் 22ஆம் பிரிவு, நிரந்தரமாகத் தங்கும் எண்ணம் ஒருவருக்கு இருத்தல், தற்காலிகமாக வருவதற்குத் தடையாகாது என்கின்றது. இதனை இரட்டை நோக்கம் என வழங்குவர். ஆனால் அதே பிரிவு ஒரு நிபந்தனையையும் உடன் சேர்த்துள்ளது: அநுமதிக்கப்பட்ட காலம் முடியும்போது அவர் நாட்டை விட்டு நீங்குவார் என்று உத்தியோகத்தர் திருப்தியடைதல் வேண்டும். தங்க விரும்புவது குற்றமன்று. ஆனால் தங்கும் உரிமை கிடையாதவிடத்து நீங்குவேன் என்பதையும் காட்டவேண்டும். இரண்டும் ஒருங்கே உண்மையாயிருத்தல் கூடுமா எனச் சிலர் வினவலாம். கூடும், எண்ணம் வேறு, கட்டுப்பாடு வேறு. விண்ணப்பத்தோடு அனுப்பும் விளக்கக் கடிதத்திலே, இப் பாடத்தை ஏன் தெரிந்தேன், இதற்கும் என் முன்னைக் கல்விக்கும் என்ன தொடர்பு, இதனால் என் தேசத்தில் எனக்கு என்ன பயன் என்பவற்றை மாணவர் தாமே சிந்தித்து எழுதுதல் வேண்டும். பிறர் எழுதிக் கொடுத்த கடிதத்தைப் பார்த்தெழுதுவோர் இவ்விடத்திலேயே வழுக்கி வீழ்கின்றனர். கணிதத்திற் சிறந்து தேறிய ஒருவர், தொடர்பே இல்லாத ஒரு குறுங்காலப் பாடநெறிக்கு ஏன் பெரும்பணம் செலவிடுகிறார் என்று உத்தியோகத்தர் ஐயுற்றால், அந்த ஐயத்தைத் தவறென்று சொல்லல் எளிதன்று.

இரண்டாம் வாயில்: தொழில்

படிப்பு முடிந்தபின் கிடைப்பது பட்டத்துக்குப் பிந்திய வேலை அநுமதி. இது படித்தோர் யாவர்க்கும் தானாக வருவது என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றியிருக்கின்றது. உண்மை அவ்வாறன்று. பாடநெறி 8 மாதத்துக்குக் குறையாததாயிருத்தல் வேண்டும். பாடநெறியின் நீளத்தையொட்டி அநுமதியின் நீளமும் அமையும். மூன்றாண்டுக்கு மேற் செல்லாது. முதுமாணிப் பட்டத்தினர்க்கு மாத்திரம், பாடநெறி இரண்டாண்டுக்குக் குறைந்ததாயினும் மூன்றாண்டு அநுமதி பெறும் வாய்ப்பு 2024 பெப்ரவரி முதல் வழங்கப்பட்டுள்ளது. படிப்பு முடிந்ததற்கான சான்று கிடைத்த 180 நாளுக்குள் விண்ணப்பித்தல் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, இது ஒருவர் வாழ்நாளில் ஒரே ஒரு முறை வழங்கப்படுவது. சிறிய பாடநெறி ஒன்றைக் கற்று ஓராண்டு அநுமதி பெற்றவர், பின்னர்ப் பெரிய பட்டம் ஒன்றைப் பெற்றுவந்து மீண்டும் கேட்டல் இயலாது.

2024இல் இவ் வாயிலும் ஒடுங்கியது. அரச கல்லூரியின் பாடத்திட்டத்தைத் தனியார் நிலையம் ஒன்று நடத்தும் ஏற்பாடுகள் ஒன்ராறியோ முதலிய மாகாணங்களிற் பெருகியிருந்தன. அவ்வாண்டு மே 15 முதல் அவற்றிற் புதிதாகச் சேருவோர்க்கு இவ் வேலை அநுமதி இல்லை எனப்பட்டது. நவம்பர் 1 முதல் மொழித் தேர்வும் கட்டாயமாயிற்று. பல்கலைக்கழகப் பட்டதாரிகள் கனடிய மொழித்தர அளவிலே 7ஆம் தரத்தையும், கல்லூரியில் டிப்ளோமா போன்றவை பெற்றோர் 5ஆம் தரத்தையும் காட்டுதல் வேண்டும். இப் பிற்கூறியோர்க்கு மற்றுமொரு நிபந்தனை உண்டு. அன்று தொடக்கம் கல்வி அநுமதிக்கு விண்ணப்பித்தோராயின், அவர் கற்றது அரசு வெளியிட்ட பட்டியலில் உள்ள துறையாயிருத்தல் வேண்டும். அப் பட்டியல் 2025இலும் திருத்தப்பட்டது. கல்லூரி அங்கீகாரம் பெற்றது என்ற ஒன்றே போதாது. கற்கும் பாடநெறி வேலை அநுமதிக்கு உரியதா என்பதைத் தனியே பார்த்தல் வேண்டும். கல்லூரியின் அங்கீகாரம் முதல் வாயிலுக்குரியது. பாடநெறியின் தகுதி இரண்டாம் வாயிலுக்குரியது.

படியாமலே தொழிலுக்குச் செல்வோர்க்கு வழி வேறு. பெரும்பாலான சந்தர்ப்பங்களிலே வேலை கொடுப்போர், அவ் வேலைக்குக் கனடியர் கிடைக்கவில்லை என்பதை அரசுக்குக் காட்டி, தொழிற்சந்தைத் தாக்க மதிப்பீடு என்னும் சாதகமான முடிவைப் பெறுதல் வேண்டும். அதன்மேல் வழங்கப்படும் அநுமதி அந்த ஒரு முதலாளியிடமே வேலை செய்வதற்குரியது. அவரை விட்டு நீங்கினால் வேறு அநுமதி தேடவேண்டும். யாரிடமும் வேலை செய்யலாம் என்னும் திறந்த அநுமதி வேறு. ஒருவரோடு கட்டுண்ட அநுமதி வேறு. முகவர் ஒருவர் "வேலை விசா" என்று சொல்லும்போது அது இவற்றுள் எது என்று கேட்டறிய வேண்டும்.

துணைவரைப் பற்றியும் ஒரு சொல். தொல்காப்பியத்திலே தலைவியோடு கூடச் செல்லலாகாது என விலக்கப்பட்ட பயணம் எது என்பதில் உரையாசிரியர்கள் மாறுபட்டனர். இளம்பூரணர் அதனைக் கடற்பயணம் என்றார். நச்சினார்க்கினியர் ஓதல், தூது, பொருள் என்னும் மூன்று தன்மையாற் செல்லும் பயணம் என்றார். கனடியச் சட்டம் இதற்கு உரைவேறுபாடு இன்றி எல்லை வகுத்திருக்கின்றது. 2025 ஜனவரி 21 முதல், மாணவரின் துணைவர்க்குத் திறந்த வேலை அநுமதி வழங்கப்படுவது, அம் மாணவர் 16 மாதம் அல்லது அதற்கு மேற்பட்ட முதுமாணிப் படிப்பிலோ, கலாநிதிப் படிப்பிலோ, குறிப்பிட்ட சில தொழிற்பட்டப் படிப்பிலோ இருக்கும்போது மாத்திரமே. டிப்ளோமாவுக்குச் செல்லும் கணவனுடன் மனைவியும் சென்று உழைப்பார் என்று போடப்பட்ட வீட்டுக் கணக்குகள் பல இதனால் முறிந்தன.

மூன்றாம் வாயில்: குடியமர்வு

நிரந்தர வதிவுரிமை என்பதே மூன்றாம் வாயில். அதற்குச் செல்லும் வழிகளுட் பெரியது 2015 ஜனவரியில் தொடங்கிய எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்னும் முறை. இதிலே விண்ணப்பம் முதலிற் கொள்ளப்படுவதில்லை. தம் விபரங்களைப் பதிவு செய்தோர் ஒரு வரிசையிலே நிறுத்தப்படுவர். 1200 புள்ளியிலே ஒவ்வொருவர்க்கும் இத்துணை எனக் கணிக்கப்படும். காலத்துக்குக் காலம் மேலே நிற்போர் அழைக்கப்படுவர். அழைக்கப்பட்டோர் 60 நாளுக்குள் விண்ணப்பித்தல் வேண்டும். ஆகவே இது தேர்ச்சிப் பரீட்சையன்று, போட்டிப் பரீட்சை. நாற்பது புள்ளி பெற்றால் சித்தி என்பது இங்கே இல்லை. நம்மோடு நிற்போர் எத்துணை பெற்றனர் என்பதே நம் முடிவை வகுக்கும். உயர்தர வகுப்பிலே வெட்டுப்புள்ளி அறிந்த நம் மாணவர்க்கு இதனை விளக்குதல் கடினமன்று.

கணக்கை ஓர் உதாரணத்தால் காண்போம். முப்பத்தொரு வயதுடைய, மணமாகாத ஒருவர் கனடாவிலே முதுமாணிப் பட்டம் பெற்றுள்ளார். அங்கே ஓராண்டு தகுதிவாய்ந்த வேலை பார்த்துள்ளார். முன்னர் நம் நாட்டிலே மூன்றாண்டு அத்தகைய வேலை பார்த்துள்ளார் என்று கொள்வோம். வயதுக்கு 99, பட்டத்துக்கு 135, கனடிய வேலைக்கு 40, கனடாவிற் கற்றதற்கு 30, தகைமைகள் ஒன்றோடொன்று இணைவதற்காக 100. ஆகத் தொகை 404. இனி மொழி. ஆங்கிலத்தில் நான்கு திறன்களிலும் 7ஆம் தரம் மாத்திரம் பெற்றவராயின் 68 புள்ளி, மொத்தம் 472. அவரே 9ஆம் தரம் பெற்றவராயின் 124 புள்ளி, மொத்தம் 528. கனடிய அநுபவ வகுப்பினர்க்கான அழைப்புகள் 2024, 2025 ஆண்டுகளிலே 500 புள்ளிக்கு மேலேயே நின்றன. ஆகவே ஒரே பட்டமும், ஒரே உழைப்பும், ஒரே செலவும் உடைய இருவரில் ஒருவர் உள்ளே, மற்றவர் வெளியே. இடையில் நிற்பது 56 புள்ளி. அது முழுவதும் மொழிப்புள்ளி.

இக் கணக்கிலே நான் காண்பது பெரியதோர் உண்மை. பல இலட்சம் செலவிட்டுக் கனடாவிலே கற்ற கல்விக்காகத் தனியே சேர்க்கப்படுவது 15 அல்லது 30 புள்ளி. நம் ஊரிலே, வீட்டிலிருந்து, நல்லாசிரியர் ஒருவரிடம் கற்கக்கூடிய ஆங்கிலம் தருவது அதனினும் அதிகம். 7ஆம் தரத்துக்கு ஐ.ஈ.எல்.ரி.எஸ். பொதுப் பரீட்சையின் நான்கு பகுதிகளிலும் 6 வேண்டும். 9ஆம் தரத்துக்குக் கேட்டலில் 8உம் ஏனைய மூன்றிலும் 7உம் வேண்டும். பிரெஞ்சு மொழியிலும் தேர்ச்சி உடையோர்க்கு மேலதிகமாக 50 புள்ளி வரை உண்டு; 2023 முதல் அவர்க்கெனத் தனி அழைப்புகளும் நடைபெறுகின்றன; அவற்றின் வெட்டுப்புள்ளி பொதுவாகக் கணிசமாகக் குறைந்து நிற்கின்றது. மருத்துவத்துறை முதலியவற்றுக்கும் அவ்வாறு தனி அழைப்பு உண்டு. 2025இல் ஆசிரியத் தொழிலும் அவ் வரிசையிற் சேர்க்கப்பட்டமை ஆசிரிய அன்பர்கள் அறியத்தக்கது.

வயதோ எதிர்த்திசையில் நடக்கும். மணமாகாதோர்க்கு 20 முதல் 29 வயதுவரை 110 புள்ளி, 35இல் 77, 40இல் 50, 45இல் ஒன்றுமில்லை. முதலில் ஒரு டிப்ளோமா, பின்னர் இன்னொரு டிப்ளோமா எனக் காலத்தை நீட்டிக்கொண்டு செல்வோர், ஒரு கையாற் சேர்ப்பதை மறு கையால் இழக்கின்றனர்.

வேறு வழிகளும் உள. மாகாணம் ஒன்று தன் தேவை கருதி ஒருவரை நியமித்தால் 600 புள்ளி சேரும்; அவர் அம் மாகாணத்திலே வாழும் எண்ணமுடையவராயிருத்தல் வேண்டும். கியூபெக் மாகாணம் தனக்கென வேறு தெரிவுமுறை கொண்டது. அங்கே பிரெஞ்சே திறவுகோல். கனடாவுக்கே செல்லாமல், இங்கிருந்தபடியே கூட்டாட்சித் திறனாளர் வகுப்பிற் பதிவு செய்வோரும் உளர். அவர்க்கு ஓராண்டுத் தொடர் வேலை அநுபவமும், 7ஆம் தர மொழித்தேர்ச்சியும், வேறொரு கணிப்பிலே நூற்றுக்கு 67 புள்ளியும் வேண்டும். முதல் இரு வாயில்களையும் கடவாமலே மூன்றாம் வாயிலிற் போய் நிற்கலாம் என்பதை நம்மவர் பலர் அறியார்.

எத்தனை பேரை ஏற்பது என்பதையும் அரசு ஆண்டுதோறும் திட்டமிடுகின்றது. 2025க்கு 500,000 நிரந்தர வதிவாளர் என முன்னர் அறிவிக்கப்பட்டிருந்தது; 2024 ஒக்டோபரில் அது 395,000 எனக் குறைக்கப்பட்டது; 2026க்கு 380,000 எனக் குறிக்கப்பட்டது. வீடின்மையும் வாடகை உயர்வும் அந்நாட்டு மக்களிடையே எழுப்பிய கவலை இக் குறைப்புக்கு ஒரு காரணம். ஒரு தேசம் தன் தேவையை நோக்கிக் கதவைத் திறக்கும். தன் தேவையை நோக்கியே சாத்தும். நாம் புறப்படும் நாளில் உள்ள விதி, நாம் போய்ச் சேர்ந்து படித்து முடிக்கும் நாளில் இருக்கும் என்று கொள்ளல் பேதைமை.

மூன்றாம் வாயிலைக் கடந்தார்க்கும் கடன் உண்டு. ஐந்தாண்டில் 730 நாள் கனடாவில் வாழ்ந்திருத்தல் வேண்டும். இன்றேல் வதிவுரிமை இழக்க நேரிடலாம். பிரசாவுரிமைக்கு, விண்ணப்பத்துக்கு முந்திய ஐந்தாண்டிலே 1,095 நாள் வேண்டும். மாணவராகவோ வேலையாளராகவோ வாழ்ந்த நாள் ஒவ்வொன்றும் அரை நாளாகக் கணிக்கப்படும். அவ்வகையில் 365 நாளுக்கு மேற் சேராது. அநுமதியோடு வாழ்ந்த நாளுக்கு அரை மதிப்பு, உரிமையோடு வாழ்ந்த நாளுக்கு முழு மதிப்பு. அநுமதி என்னும் சொல்லுக்கும் உரிமை என்னும் சொல்லுக்கும் உள்ள வேறுபாட்டை இதனினும் தெளிவாக எந்த நிகண்டும் விளக்கமாட்டாது.

இடையில் நிற்போர்

இவ் வாயில்களுக்கும் நமக்கும் இடையே முகவர் என்னும் ஒரு வகுப்பார் நிற்கின்றனர். அவருள் நேர்மையானோர் உளர், அல்லாதோரும் உளர். 2023இல் இந்திய மாணவர் பலரின் அநுமதிக் கடிதங்கள் போலியானவை என்று வெளிப்பட்டது. ஆண்டுக்கணக்காக அங்கே கற்று, உழைத்து வாழ்ந்தபின், தாம் கொண்டுவந்த கடிதமே பொய் என்று அறிந்து கலங்கினோர் அவருட் பலர். அதன் விளைவாக, அவ்வாண்டு டிசெம்பர் 1 முதல் ஒவ்வொரு கடிதமும் உரிய கல்விநிலையத்தாலே மெய்ப்பிக்கப்படுதல் வேண்டும் என்னும் விதி வந்தது.

கனடாவின் சட்டப்படி, பணம் பெற்று ஒருவர் சார்பிலே குடிவரவுக் காரியம் நடத்தத்தக்கோருள் முதன்மையானோர் மூவகையினர்: சட்டத்தரணிகள், கியூபெக்கின் நொத்தாரிசுகள், குடிவரவு ஆலோசகர் கழகத்தின் அநுமதி பெற்ற ஆலோசகர்கள். ஆலோசகர்களின் பெயரை அக் கழகத்தின் பதிவேட்டிலே எவரும் பார்த்தறியலாம். விண்ணப்பத்தில் உள்ள பொய்க்கு முகவர் மாத்திரம் பொறுப்பாளியல்லர், கையெழுத்திட்டவரே முதற்பொறுப்பாளி. முக்கிய உண்மையை மறைத்தோரும் பொய் உரைத்தோரும் ஐந்தாண்டு கனடாவுக்குள் வரத்தடை உண்டு என அச் சட்டத்தின் 40ஆம் பிரிவு கூறும். முகவர் நிரப்பினார், நான் வாசிக்கவில்லை என்று சொல்லித் தப்புதல் அரிது.

வாசிக்கவில்லை என்பதுதான் ஆசிரியராகிய எம்மைப் புண்படுத்தும் சொல். நம் பெரியோர் காணி வாங்கும்போது உறுதியை எப்படி வாசித்தனர்? வடக்கெல்லை யாருடையது, கிழக்கே பாதை உண்டா, கிணற்றுப் பங்கு எத்தனை, வழிவாய்க்கால் உரிமை யாருக்கு என்று வரி வரியாக வாசித்து, ஐயமுள்ளவிடத்து நொத்தாரிசை வினவி, பின்னரே கையெழுத்திட்டனர். அக் காணியை ஈடுவைத்துப் பெறும் அநுமதிப் பத்திரத்தை மாத்திரம் வாசியாது பெட்டிக்குள் வைத்தல் எவ்வகையிற் பொருந்தும்? விதியும் புறனடையும் அறிந்து நூற்பாவுக்கு உரை காணப் பயின்றது நம் மரபு. அரசின் விதிகள் அவ்வரசின் இணையத்தளத்திலே யாவரும் காண வெளியிடப்பட்டுள்ளன. ஒரு வீட்டில் ஒருவரேனும் அவற்றை வாசித்தல் ஆகாத காரியமன்று.

ஆதலாற் பணம் கைமாறுமுன் பெற்றோரும் மாணவரும் கூடியிருந்து சில வினாக்களுக்கு விடை காணுதல் நன்று. இப் பாடத்தை உண்மையாகவே கற்க விரும்புகிறேனா? இப் பாடநெறி முடிந்தபின் வேலை அநுமதிக்கு உரியதா? அவ் வநுமதி எத்தனை காலத்துக்கு? அக் காலம் முடியும் நாளில் என் வயது என்ன, என் மொழித்தரம் என்ன, என் புள்ளி என்ன? மூன்றாம் வாயில் திறவாதாயின், இக் கல்வியோடு மீண்டு வந்து இங்கே நான் செய்யக்கூடியது யாது? அப்படி மீள நேர்ந்தால், ஈட்டிலிருக்கும் காணி மீளுமா?

இறுதி இரண்டு வினாவுக்கும் விடை உள்ளவர் அஞ்சாது புறப்படலாம். அவர் கற்கப் போகிறார்; கற்றது அவருடையது. வதிவுரிமை கிடைத்தால் அது மேலதிகமான பேறு. கிடையாவிட்டாலும் அவர் தோற்றவரல்லர். விடை இல்லாதவரோ, விரும்பாத பாடத்தைக் கற்று, அதன்மேல் கிடைக்காத வேலையை நம்பி, அதன்மேல் வராத அழைப்பை எதிர்நோக்கி நிற்கின்றார். கல்வியைச் சாட்டாகக் கொண்டோர்க்குக் கல்வியும் இல்லை, குடியமர்வும் இல்லை என்று முடிதல் உண்டு.

ஆசிரியர்களாகிய நமக்கும் இதிற் பங்குண்டு. பரிந்துரைக் கடிதம் கேட்டு வரும் மாணவனுக்குக் கையெழுத்திட்டு அனுப்புவதோடு நம் கடன் முடிந்துவிடாது. எந்த வாயிலுக்குப் போகிறாய் என்று அவனை ஒருமுறை கேட்போம். ஆங்கிலத்தை நன்கு கற்றுக்கொண்டு போ என்று சொல்லுவோம். இயலுமாயின் பிரெஞ்சையும் தொடங்கு என்போம். பத்திரத்தை எடுத்துவரச் சொல்லி, அவனோடு இருந்து, எல்லை எல்லையாக வாசித்துக் காட்டுவோம்.